வெறுங்கப்பலைப் பொறுக்காத மனிதர்: ‘கேப்டன்’ ராபர்ட் டாலர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யார் இந்த ராபர்ட் டாலர்?

ஸ்காட்லாந்தில் பிறந்து, 14 வயதில் கனடாவுக்குக் குடிபெயர்ந்து, மரம் வெட்டும் காட்டில் எடுபிடிப் பையனாக வாழ்க்கையைத் தொடங்கியவர். பிறகு மரவணிகர் ஆனார். 51 வயதில் தன் முதல் கப்பலை வாங்கினார். 79 வயதில், உலகத்தையே சுற்றிவரும் பயணிகள் கப்பல் சேவையைத் தொடங்கி வைத்தார். பிறந்தது 1844 மார்ச் 20, ஃபால்கிர்க் நகரத்தில். இறந்தது 1932 மே 16, கலிபோர்னியாவின் சான் ரஃபேலில். இடைப்பட்ட 88 ஆண்டுகளில் அவர் ஓய்வாக இருந்த காலம் என்று எதையும் காட்ட முடியாது.

இவரை எத்தனையோ விதமாகச் சொல்லலாம். ஏழைப் பையன் பணக்காரன் ஆன கதையாகத்தான் பெரும்பாலும் சொல்கிறார்கள். எனக்கு அதில் பெரிய ஆர்வம் இல்லை. என்னை ஈர்ப்பது வேறு. ஒரு கப்பல் சரக்கை இறக்கிவிட்டு வெறுமனே திரும்பி வருவதை இந்த மனிதரால் பொறுத்துக்கொள்ளவே முடியவில்லை. அவர் கப்பல்தொழிலில் செய்த ஒவ்வொன்றும் அந்த ஒரு பொறுக்காமையிலிருந்து வந்தது. கீழே உள்ள பதில்களைப் படிக்கும்போது இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

டாலர் என்பது நிஜப் பெயரா, வைத்துக்கொண்ட பெயரா?

பிறப்பிலேயே வந்த குடும்பப் பெயர். அமெரிக்கப் பணத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. பணத்தின் பெயர் ‘தாலர்’ என்ற பழைய ஜெர்மானிய வெள்ளி நாணயத்திலிருந்து வந்தது. ஸ்காட்லாந்தில் டாலர் என்றே ஓர் ஊர் இருக்கிறது; ஃபால்கிர்க்கிலிருந்து அதிகத் தொலைவில்லை.

ஆனால் பெயரின் பயனை அவர் விடவில்லை. அவருடைய கப்பல்களின் புகைப்போக்கி கறுப்பு. நடுவில் சிவப்புப் பட்டை. அந்தப் பட்டையின்மேல் வெள்ளை நிறத்தில் பெரிய டாலர் குறி. ஷாங்காயிலும் சிங்கப்பூரிலும் ஆங்கிலம் ஓரெழுத்தும் தெரியாத சுமைக்கூலிகள்கூட அது யாருடைய கப்பல் என்று துறைமுக வாயிலிலேயே சொல்லிவிடுவார்கள்.

அவர் உண்மையிலேயே கப்பல் கேப்டனா?

இல்லை. அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். அதிகம் தவறாகப் பதில் சொல்லப்படுவதும் இதுதான். அவர் கப்பல் செலுத்தும் உரிமம் பெற்றவர் அல்லர். எந்தக் கப்பலையும் தலைமை ஏற்று ஓட்டியதும் இல்லை. தூத்துக்குடித் தோணிகளில் ‘தண்டல்’ என்று சொல்கிறோமே, அந்தப் பொறுப்பில் அவர் ஒருநாளும் நின்றதில்லை. ‘கேப்டன்’ என்பது மரியாதைக்காக ஒட்டிக்கொண்ட பட்டம். பிற்காலத்தில் செய்தித்தாள்கள், அரசாங்கம், தொழிலாளர் என எல்லாரும் அவரைக் கேப்டன் டாலர் என்றே அழைத்தார்கள்.

ஆனாலும் இதை வெறும் அலங்காரப் பட்டம் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. மேசையில் உட்கார்ந்து கணக்குப் பார்த்த முதலாளி அல்லர் அவர். பசிபிக் பெருங்கடலைப் பலமுறை கடந்தார். துறைமுகம் துறைமுகமாக இறங்கி, எங்கே எது விளைகிறது, எது தேங்கிக் கிடக்கிறது, யாருக்கு எது வேண்டும் என்று நேரில் விசாரித்தார். மனைவி மார்கரெட்டும் கூடவே போவார். கடல் வழி தெரிந்தவன் கேப்டன் என்றால் அவர் கேப்டன் அல்லர். சரக்கின் வழி தெரிந்தவர் அவர்.

குடும்பம் ஏன் ஸ்காட்லாந்தை விட்டுப் புறப்பட்டது?

அந்தக் காலத்து ஃபால்கிர்க் இரும்பும் கால்வாயும் சேர்ந்த ஊர். பக்கத்திலேயே கேரன் இரும்பாலை. பிரிட்டிஷ் கடற்படைக்கு ‘கேரனேட்’ என்ற குட்டைப் பீரங்கியை வார்த்துக் கொடுத்த ஆலை அது. கிழக்குக் கரையையும் மேற்குக் கரையையும் இணைக்கும் ஃபோர்த் அண்ட் கிளைட் கால்வாய் ஊரின் ஓரமாகவே போகும். வேலை இல்லாத ஊர் அல்ல. ஆனால் அந்த வேலையில் ஏழைக் குடும்பம் மேலே வருவது கடினம்.

ராபர்ட்டுக்கு 9 வயதிருக்கும்போது தாய் இறந்தார். 12 வயதில் பள்ளி நின்றது. இயந்திரப் பட்டறையில் சிறிது காலம். பிறகு மரம் ஏற்றுமதி செய்யும் ஒரு அலுவலகத்தில் ஓடியாடும் பையன். 1858இல் குடும்பம் கனடாவுக்குக் கப்பலேறியது. தந்தையின் குடிப்பழக்கம் அந்த வீட்டை வாட்டியிருந்தது. ராபர்ட் டாலர் வாழ்நாள் முழுவதும் மதுவைத் தொடாததற்கும், மதுவிலக்கை அவ்வளவு பிடிவாதமாக ஆதரித்ததற்கும் வேர் அங்கேதான் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

கனடாவில் என்ன செய்தார்?

ஒட்டாவாவில் முதலில் பீப்பாய்க்குப் பலகை அறுக்கும் தொழிற்சாலை. பிறகு காடு. கட்டினோ ஆற்றங்கரையில் இருந்த மரவெட்டு முகாமில் சமையல்காரருக்கு உதவியாள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். அந்தக் காட்டுத் தொழிலைப் புரிந்துகொள்ளாமல் பிற்காலக் கப்பல் முதலாளியைப் புரிந்துகொள்ள முடியாது.

குளிர்காலம் முழுவதும் ஆண்கள் காட்டுக்குள் மரக்குடிலில் கிடப்பார்கள். விடியுமுன் சமையல் பையன் எழுந்து அடுப்பு மூட்ட வேண்டும், தண்ணீர் கொண்டுவர வேண்டும், விறகு பிளக்க வேண்டும். வெட்டிய பைன் தடிகளைப் பனியின்மேல் சறுக்குவண்டியில் வைத்துக் குதிரைகள் இழுத்துவந்து உறைந்த ஆற்றின் கரையில் அடுக்கும். வசந்தம் வந்து பனி உருகியதும் ஆறு பெருகும். அப்போது ஆயிரக்கணக்கான தடிகளை ஒருசேர ஆற்றில் தள்ளிவிடுவார்கள். ஆணி அடித்த காலணி போட்டுக்கொண்டு, கையில் கொக்கிக்கழியோடு, உருளும் தடிகளின்மேலேயே நின்று ஆட்கள் அவற்றை ஓட்டிச் செல்வார்கள். ஒரு தடி பாறையில் குறுக்கே மாட்டினால் போதும். பின்னால் வருவதெல்லாம் மலைபோல் குவிந்துவிடும். எந்தத் தடியை நெம்பினால் முழுக் குவியலும் அவிழும் என்று கண்டுபிடிக்க வேண்டும். நெம்பியவன் அதே கணத்தில் ஓடித் தப்பவும் வேண்டும்.

சமையல் பையனாகப் போனவர் இந்த மிதவை ஓட்டத்தில் இறங்கினார். பிறகு முகாமையே நடத்தும் மேற்பார்வையாளர் ஆனார். ஆறு சரக்கை ஒரு திசையில்தான் கொண்டுபோகும். ஆற்றுக்குத் திரும்பும் வழி கிடையாது. இந்தப் பாடத்தை அவர் தன் உடம்பால் கற்றார்.

படிப்பே இல்லாமல் கணக்கு வழக்குகளை எப்படிப் பார்த்தார்?

வேலை முடிந்த நேரத்தில் தனியாக உட்கார்ந்து எழுத்தும் கணக்கும் பழகினார். ஹைரம் ராபின்சன் என்ற மேலாளர் ஒருநாள் அவரைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டார். திட்டு விழும் என்று பையன் பயந்தான். ராபின்சன் திட்டவில்லை, என்ன செய்கிறாய் என்று கேட்டார், ஊக்கம் கொடுத்தார். முகாமில் பெரும்பாலோர் பிரெஞ்சு பேசும் கனடியர்கள். அவர்களோடு பழகியே ராபர்ட் பிரெஞ்சையும் கற்றுக்கொண்டார். இரண்டு மொழியும் கணக்கும் தெரிந்த பையன் அந்தக் காட்டில் அபூர்வம். அவன் மேலே வந்ததற்கு அதிர்ஷ்டத்தைக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

தொழிலில் தோல்வியே காணாதவரா?

கண்டார். 1870களின் தொடக்கத்தில் கூட்டாளியோடு சேர்ந்து சொந்தமாக மரத்தொழில் தொடங்கினார். 1873இல் ஜே குக் என்ற வங்கி நிறுவனம் சரிந்து, அமெரிக்கா முழுவதும் பெரும் பொருளாதார நெருக்கடி வந்தது. மரத்தின் விலை வீழ்ந்தது. கையில் தடிகள், தலையில் கடன். மறுபடி சம்பளத்துக்கு வேலைக்குப் போய், கடன்காரர்களுக்குச் சேர வேண்டியதை முழுமையாக அடைத்தார். கடன் சுமையோடு இருந்த அந்தக் காலத்தில்தான், 1874இல், மார்கரெட் ப்ரவுட்ஃபுட்டை மணந்தார்.

1882இல் எல்லை தாண்டி அமெரிக்காவின் மிச்சிகனுக்குப் போனார். அங்கே அவருடைய மரத்தொழிலைச் சுற்றி எழுந்த குடியிருப்புக்கு டாலர்வில் என்றே பெயர் வந்தது. 1888இல் கலிபோர்னியா.

மரவணிகர் எப்படிக் கப்பல் முதலாளி ஆனார்?

கோபத்தால் என்றுதான் சொல்ல வேண்டும்.

கலிபோர்னியாவின் வடக்கே மெண்டசினோ கடற்கரையில் செம்மரக் காடுகள். நம்முடைய செஞ்சந்தனம் அல்ல. ‘ரெட்வுட்’ என்ற வானளாவிய ஊசியிலை மரம். அங்கே யூசால் என்ற இடத்தில் டாலர் ஒரு அறுவை ஆலையை நடத்தினார். வாங்குபவர்கள் தெற்கே சான் பிரான்சிஸ்கோவில். நடுவே சாலையும் ரயிலும் கிடையாது. கடல்தான் வழி. ஆனால் வேண்டியபோது கப்பல் கிடைக்காது. கிடைத்தால் கேட்கிற கூலி கட்டுப்படியாகாது. அறுத்த பலகை கரையில் காய்ந்துகொண்டிருக்கும்போது மற்றவனுடைய கப்பலுக்காகக் காத்திருப்பது அவரால் ஆகவில்லை. 1895இல் ‘நியூஸ்பாய்’ என்ற சிறிய நீராவி ஸ்கூனரை வாங்கினார். ஓராண்டுக்குள் அந்தக் கப்பல் தன் விலையைத் தானே சம்பாதித்துக் கொடுத்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் நிற்கவில்லை.

அந்தக் கடற்கரையில் சரக்கு ஏற்றிய விதம் சொல்லத் தகுந்தது. துறைமுகம் என்று பெயர் சொல்லத்தக்க இடமே இல்லை. செங்குத்தான பாறைகளுக்கு நடுவே சின்னச் சின்னக் கடல்மடிப்புகள். ஒரு நாய் உள்ளே நுழைந்து திரும்பி வர மட்டுமே இடம் உண்டு என்று மாலுமிகள் அவற்றைச் சொல்வார்கள். கப்பலை நாலாபுறமும் கயிற்றால் கட்டி, பாறைக்கு அருகே நிறுத்துவார்கள். பல இடங்களில் பாறை உச்சியிலிருந்து கப்பலின் மேல்தளம்வரை மரத்தாலான நீண்ட சறுக்குத் தடம் தொங்கும். மேலிருந்து ஒவ்வொரு பலகையாக அதில் விடுவார்கள். அது சீறிக்கொண்டு கீழே வரும். தடத்தின் நுனியில் ஒருவன் மரத்தடை ஒன்றைப் பிடித்துக்கொண்டு நிற்பான். சரியான கணத்தில் தடையைத் தாழ்த்தினால் பலகை வேகம் குறைந்து மாலுமியின் கையில் வந்து சேரும். அரைக்கணம் தவறினால் ஆளையே அடித்துவிடும். கீழே கப்பல் அலையில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். இப்படிப் பலகை பலகையாக நாள் முழுவதும் ஏற்றி, கப்பலின் வயிறு நிரம்பியபின் மேல்தளத்திலும் ஆளுயரத்துக்கு அடுக்கிக் கட்டிக்கொண்டு தெற்கே போவார்கள்.

1902இல் தீ வந்து யூசால் ஆலையை அழித்தது. அதற்குள் டாலருக்கு ஆலையைவிடக் கப்பல் பெரிதாகிவிட்டிருந்தது. கப்பல்களுக்குக் குடும்பத்தார் பெயர்களை வைத்தார்: மெல்வில் டாலர், ஸ்டான்லி டாலர், ஹெரால்ட் டாலர், கிரேஸ் டாலர். முதல் மூன்றும் மகன்களின் பெயர்கள், கடைசியது மகளுடையது.

வெறுங்கப்பல் என்று எதைச் சொல்கிறீர்கள்? அதில் என்ன அவ்வளவு கஷ்டம்?

ஒரு லாரி மதுரையிலிருந்து சென்னைக்குச் சரக்கு ஏற்றிப் போகிறது. திரும்பும்போது ஏற்ற எதுவும் இல்லை. டீசல், ஓட்டுநர் சம்பளம், சுங்கச்சாவடிக் கட்டணம் எல்லாம் உண்டு. வருமானம் மட்டும் இல்லை. கப்பலுக்கும் இதேதான், அளவு மட்டும் பயங்கரமாகப் பெரியது. போதாக்குறைக்கு, காலிக் கப்பல் கடலில் நிலையாக நிற்காது. கல், மணல், தண்ணீர் என்று காசு தராத அடிப்பாரத்தைச் செலவு செய்து ஏற்ற வேண்டும். மாதக்கணக்கில் போய்வரும் பசிபிக் பயணத்தில் பாதி தூரம் இப்படிப் போனால், மீதிப் பாதியின் லாபம் அதிலேயே கரைந்துவிடும்.

டாலர் 1902 முதல் சீனா, ஜப்பான் பக்கம் கப்பல் விடத் தொடங்கினார். போகும்போது அமெரிக்க மரம். வரும்போது என்ன? மற்றவர்கள் பட்டும் தேயிலையும் கொண்டுவந்தார்கள். விலையுயர்ந்த சரக்குதான், ஆனால் அவருடைய கப்பலின் வயிற்றை அது நிரப்பாது. கனமான, மலிவான, மொத்தமாக ஏற்றக்கூடிய ஒன்று அவருக்கு வேண்டும். ஜப்பானில் ஓக் மரம் கண்டுபிடித்தார். பிலிப்பைன்ஸில் வேறு மரங்கள். சீனாவில் இரும்பு.

அந்த இரும்புக் கதை எனக்கு மிகவும் பிடித்தது. யாங்சி ஆற்றில் கடல்முகத்திலிருந்து ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் உள்ளே ஹான்கோ. அதற்கு எதிரே ஹன்யாங் இரும்பாலை. பெரிய கடற்கப்பலே ஆற்றில் அவ்வளவு தூரம் மேலேறிப் போகும். அந்த ஆலையின் வார்ப்பிரும்பையும் இரும்புத் தாதையும் ஏற்றிவந்து, வாஷிங்டன் மாநிலத்தில் ஐயன்டேல் என்ற ஊரில் இருந்த எஃகு ஆலைக்குக் கொடுக்க 1910இல் ஒப்பந்தம் செய்தார். சீனாவிலிருந்து அமெரிக்காவுக்கு இரும்பு! போகும்போது மரம், வரும்போது இரும்பு, கணக்கு கச்சிதம். ஆனால் அடுத்த ஆண்டே அந்த எஃகு நிறுவனம் திவாலாகிவிட்டது. அவர் அடுத்த சரக்கைத் தேடப் போய்விட்டார்.

சீனர்கள் அவரை எப்படிப் பார்த்தார்கள்?

வணிகர்கள் நம்பினார்கள். அமெரிக்கப் பசிபிக் கரை வணிகச் சங்கங்கள் 1910இல் சீனாவுக்கு அனுப்பிய குழுவில் அவர் இருந்தார். அதன் பிறகு அங்கே அவருக்கு நட்பு வட்டம் பெருகியது. வூசாங்கில் இளைஞர் கிறிஸ்தவச் சங்கக் கட்டடத்துக்குப் பணம் கொடுத்தார்.

ஆனால் 1920களில் யாங்சியின் மேற்பகுதியில் அவருடைய ஆற்றுக் கப்பல்கள் ஓடியபோது கரையிலிருந்து துப்பாக்கிச் சூடு வந்தது. அமெரிக்கக் கடற்படையின் பீரங்கிப் படகுகள் காவலுக்கு வர வேண்டியிருந்தது. உள்நாட்டுப் போர் நடந்த காலம் அது. அந்நியக் கொடிக் கப்பல்கள் தங்கள் ஆற்றுக்குள் உரிமையோடு புகுந்து போவதைக் கண்டு அந்த மண்ணின் மக்கள் கொதித்ததில் நியாயம் இருந்தது. தனிமனித நட்பும் நன்கொடையும் அந்த அநீதியை மறைத்துவிடாது.

போரில் சிக்கினாரா?

ரஷ்ய-ஜப்பானியப் போரில் ‘எம். எஸ். டாலர்’ என்ற கப்பல் விளாடிவாஸ்டாக் துறைமுகத்துக்குச் சரக்கோடு போனபோது, 1905இல் ஜப்பானியக் கடற்படை அதைப் பிடித்துக்கொண்டது.

தன் மாலுமிகளை எப்படி நடத்தினார்?

இந்தக் கேள்வியை அவருடைய அபிமானிகள் தவிர்த்துவிடுகிறார்கள். தவிர்க்கக் கூடாது.

1915இல் அமெரிக்கா மாலுமிகள் சட்டத்தை நிறைவேற்றியது. செனட்டர் லா ஃபாலெட் கொண்டுவந்தது. அதற்காக ஆண்டுக்கணக்கில் போராடியவர் மாலுமிகள் சங்கத் தலைவர் ஆண்ட்ரூ ஃபுருசெத். அதுவரை ஒப்பந்தக் காலத்துக்குள் கப்பலை விட்டு ஓடும் மாலுமியைக் கைது செய்து திருப்பிக் கொண்டுவரலாம். அடிமைத்தனத்துக்கு ஒப்பான அந்த வழக்கத்தை இந்தச் சட்டம் ஒழித்தது. போதுமான உயிர்காப்புப் படகுகள் வேண்டும் என்றது. டைட்டானிக் மூழ்கி மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒவ்வொரு பிரிவிலும் 75 விழுக்காடு ஆட்களுக்கு அதிகாரிகளின் மொழி புரிய வேண்டும் என்றும் விதித்தது.

டாலர் இதைக் கடுமையாக எதிர்த்தார். அவருடைய கப்பல்களில் பெரும்பாலும் சீன மாலுமிகள். அமெரிக்க மாலுமிக்குத் தரும் சம்பளத்தில் ஒரு சிறு பங்குதான் அவர்களுக்கு. அமெரிக்கக் கொடியின்கீழ் இனித் தொழில் செய்ய முடியாது என்று அறிவித்துவிட்டு பிரிட்டிஷ் கொடியை நாடினார். கனடாவில் வான்கூவர் அருகே ஆலையும் துறையும் அமைத்தார். அந்த இடத்தின் பெயர் இன்றும் டாலர்டன். 1916இல் சான் பிரான்சிஸ்கோ துறைமுகத்தில் வேலைநிறுத்தம் நடந்தபோது தொழிற்சங்கங்களுக்கு எதிரான முதலாளிகளின் முன்னணியில் நின்றார்.

மொழி விதிக்குள் ஆசிய மாலுமிகள்மீதான வெறுப்பும் ஒளிந்திருந்தது என்பது உண்மை. அந்தக் காலத்துச் சங்கங்களிடம் அந்தக் கறை உண்டு. ஆனால் டாலர் எதிர்த்தது அந்த வெறுப்பை அல்ல. அவர் காத்தது மலிவான கூலியை. காட்டில் எடுபிடிப் பையனாக இருந்து வந்தவர் கூலியாளின் பக்கத்திலிருந்து ஒருமுறையாவது இதைப் பார்த்திருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு இருக்கிறது.

உலகைச் சுற்றும் சேவை என்றால் என்ன? அதில் என்ன புதுமை?

முதல் உலகப்போருக்காக அமெரிக்க அரசு கப்பல்களைக் கட்டிக் குவித்தது. பல, போர் முடிந்த பிறகே கடலுக்கு வந்தன. துருப்புகளை ஏற்றிச் செல்லத் திட்டமிட்டுப் பிறகு பயணிகளுக்காக மாற்றப்பட்ட 502 அடி நீளமுள்ள கப்பல்கள் ஏழு அவற்றில் இருந்தன. அமெரிக்க அதிபர்களின் பெயர்கள் அவற்றுக்கு: ஹாரிசன், ஹேய்ஸ், ஆடம்ஸ், கார்ஃபீல்ட், மன்ரோ, போல்க், வான் பியூரன். 1923இல் டாலர் ஏழையும், ஒன்று 5,50,000 டாலர் விலைக்கு, அரசிடமிருந்து வாங்கினார்.

1924 ஜனவரி 5 அன்று ‘பிரசிடென்ட் ஹாரிசன்’ சான் பிரான்சிஸ்கோவிலிருந்து மேற்கு நோக்கிப் புறப்பட்டது. ஹோனலுலு, கோபே, ஷாங்காய், ஹாங்காங், மணிலா, சிங்கப்பூர், பினாங்கு, கொழும்பு, சூயஸ், அலெக்சாண்ட்ரியா, நேபிள்ஸ், ஜெனோவா, மார்சேல். பிறகு அட்லாண்டிக்கைக் கடந்து பாஸ்டன், நியூயார்க். ஹவானா, பனாமா கால்வாய், லாஸ் ஏஞ்சலஸ், மறுபடி சான் பிரான்சிஸ்கோ. இரண்டு வாரத்துக்கு ஒரு கப்பல் இதே வழியில், இதே திசையில் கிளம்பும். பயணி விரும்பிய ஊரில் இறங்கி, சுற்றிப் பார்த்துவிட்டு, அடுத்து வரும் கப்பலில் அதே டிக்கெட்டில் தொடரலாம். கால அட்டவணை வைத்து உலகைச் சுற்றிய முதல் பயணிகள் சேவை என்று கப்பல் வரலாறு இதைத்தான் குறிக்கிறது.

எல்லாரும் பயணிகளைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது திசை. இந்தக் கப்பல் எங்கேயும் திரும்புவதில்லை! போய்க்கொண்டே இருக்கிறது. திரும்பாத கப்பலுக்கு வெறுமனே திரும்பும் பிரச்சினை எங்கிருந்து வரும்? ஒவ்வொரு துறையிலும் கொஞ்சம் இறக்கி, அந்த இடத்தில் வேறொன்று ஏற்றி, அடுத்த துறைக்குப் போகலாம். ஆறு ஒரே திசையில்தான் ஓடும் என்று கட்டினோவில் கற்ற பையன், முதுமையில் கடலையே ஒரு வட்ட ஆறாக மாற்றிவிட்டார். 1914இல் பனாமா கால்வாய் திறந்திருக்காவிட்டால் இந்த வட்டம் கைகூடியிருக்காது.

1925இல் இன்னும் பெரிய ஐந்து கப்பல்களை அரசிடமிருந்து வாங்கி, பசிபிக் மெயில் என்ற பழம்பெரும் கப்பல் நிறுவனத்தின் வழியையும் பிடித்துக்கொண்டார். 1928இல் ‘டைம்’ இதழின் அட்டையில் அவர் படம் வந்தது.

கொழும்பில் நின்ற கப்பல்களில் என்ன ஏறியது?

தேயிலை. அதற்கு முன்பே சிங்கப்பூரிலும் பினாங்கிலும் ரப்பரும் வெள்ளீயமும் ஏறியிருக்கும். அமெரிக்காவில் மோட்டார் வாகனங்கள் பெருகிய காலம் அது. மலாயா ரப்பர் இல்லாமல் அங்கே சக்கரம் உருளாது. மலாயாவில் அந்த மரங்களில் பால் எடுத்தவர்களிலும், இலங்கை மலையகத்தில் அந்தக் கொழுந்தைப் பறித்தவர்களிலும் பெரும்பான்மையோர் தமிழர்கள். டாலர் குறி போட்ட புகைப்போக்கியை அவர்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை. அவர்கள் உழைப்பு அந்தக் கப்பலின் வயிற்றில் நியூயார்க் போய்ச் சேர்ந்தது.

ஃபால்கிர்க்கை மறந்துவிட்டாரா?

இல்லவே இல்லை. 1906இல் சான் ரஃபேலில் வாங்கிய பெரிய வீட்டுக்கு ஃபால்கிர்க் என்று பெயர் வைத்தார். சொந்த ஊருக்குப் பூங்கா ஒன்றைக் கொடுத்தார். அது இன்றும் டாலர் பூங்காதான். ஊர்த் தேவாலயத்துக்கு மணிகளும் கொடுத்தார். சான் ரஃபேல் வீடு இப்போது நகராட்சியின் கலை மையம். யாரும் போய்ப் பார்க்கலாம். சான் பிரான்சிஸ்கோவில் கலிபோர்னியா தெரு 311ஆம் எண்ணில் அவர் பெயரிலான கட்டடம் நிற்கிறது. அவருடைய மர நிறுவனத்தின் 3ஆம் எண் நீராவி ரயில் எஞ்சின் ஒன்றையும் கலிபோர்னியாவில் நைல்ஸ் பள்ளத்தாக்கு ரயில்வேயில் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள்.

அவருக்குப் பிறகு நிறுவனம் ஏன் குடும்பத்தின் கையைவிட்டுப் போனது?

கடனால். 1928 சட்டம் அமெரிக்கக் கப்பல்களுக்குத் தபால் ஒப்பந்தங்களும் மலிவு வட்டிக் கடனும் கொடுத்தது. அந்தக் கடனில் ‘பிரசிடென்ட் ஹூவர்’, ‘பிரசிடென்ட் கூலிட்ஜ்’ என்ற இரண்டு பெருங்கப்பல்களைக் கட்டினார்கள். அவை 1931இல் கடலுக்கு வந்தபோது உலகமே பொருளாதார மந்தத்தில் இருந்தது. அடுத்த ஆண்டு டாலர் இறந்தார். பொறுப்பு மகன் ஸ்டான்லியிடம் வந்தது.

1937இல் ஹூவருக்குக் கெட்ட காலம். ஆகஸ்டில் ஷாங்காய் அருகே சீன விமானங்கள் தவறுதலாக அதன்மேல் குண்டு வீசின. டிசம்பரில் தைவானின் கிழக்கே ஒரு தீவில் தரைதட்டி நின்றது. பயணிகள் தப்பினார்கள், கப்பல் போயிற்று. 1938இல் குடும்பத்தின் பங்குகள் அரசின் கடல்வணிக ஆணையத்திடம் போயின. நிறுவனத்தின் பெயர் அமெரிக்கன் பிரசிடென்ட் லைன்ஸ் என்று மாறியது. கடன் தீர்ந்தபின் பங்குகளைத் திருப்பித் தர வேண்டும் என்று குடும்பம் வழக்குப் போட்டது. 1952இல் சமரசம்: பங்குகளை 1.836 கோடி டாலருக்கு விற்று, அரசும் குடும்பமும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள்.

நிறுவனம் 1997இல் சிங்கப்பூரின் நெப்டியூன் ஓரியன்ட் லைன்ஸ் கைக்கு வந்தது. 2016இல் நெப்டியூனோடு சேர்த்து அதையும் பிரான்ஸின் சிஎம்ஏ சிஜிஎம் என்ற கப்பல் நிறுவனம் வாங்கியது. துறைமுகங்களில் ஏபிஎல் என்று, அதாவது அமெரிக்கன் பிரசிடென்ட் லைன்ஸ் என்பதன் சுருக்கத்தை, எழுதிய கன்டெய்னரைப் பார்த்திருப்பீர்கள். அதன் வேர் நியூஸ்பாயில் இருக்கிறது.

முதன்முதலில் புறப்பட்ட அந்தக் கப்பல் என்ன ஆனது?

‘பிரசிடென்ட் ஹாரிசன்’ 1941 டிசம்பரில் சீனாவிலிருந்த அமெரிக்கக் கடற்படைவீரர்களை ஏற்றிவரப் போய்க்கொண்டிருந்தது. வழியில், பேர்ல் ஹார்பரை ஜப்பான் தாக்கிய செய்தி வந்தது. ஜப்பானியர் நெருங்கியபோது கேப்டன் ஓரெல் பியர்சன், கப்பல் அவர்களுக்குப் பயன்படக் கூடாது என்று வேண்டுமென்றே தரையில் மோதவைத்தார். ஜப்பானியர் அதை மீட்டுப் பழுதுபார்த்து, பிறகு ‘கச்சிடோக்கி மாரு’ என்று பெயர் சூட்டினார்கள்.

1944 செப்டம்பர் 6 அன்று அது சிங்கப்பூரிலிருந்து ஜப்பானுக்குக் கிளம்பியது. உள்ளே 900 பிரிட்டிஷ் போர்க்கைதிகள். பர்மா-சயாம் ரயில் பாதையில் வேலை வாங்கப்பட்டு உயிர் பிழைத்தவர்கள் அவர்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து பிடித்துச் செல்லப்பட்ட தமிழர்கள் ஆயிரமாயிரமாக மடிந்த அதே பாதை. நம்மவர்கள் சயாம் மரண ரயில் என்று சொல்வது அதைத்தான். செப்டம்பர் 12 இரவு தென்சீனக் கடலில், உள்ளே கைதிகள் இருப்பது தெரியாமல், ‘பம்பனிட்டோ’ என்ற அமெரிக்க நீர்மூழ்கி அதன்மேல் டார்பிடோ விட்டது. கப்பல் மூழ்கியது, பலர் கடலிலேயே மாண்டார்கள். மூன்று நாள் கழித்து அதே கடற்பரப்புக்குத் திரும்பிய நீர்மூழ்கி, அதோடு அணியாகச் சென்று மூழ்கிய இன்னொரு கப்பலின் கைதிகள் மிதந்துகொண்டிருப்பதைக் கண்டு 73 பேரைத் தூக்கியெடுத்தது.

பம்பனிட்டோ இப்போது அருங்காட்சியகம். ஹாரிசன் 1924இல் எந்த ஊரிலிருந்து புறப்பட்டதோ அதே சான் பிரான்சிஸ்கோவில், 45ஆம் எண் துறைமேடையில் கட்டிவைத்திருக்கிறார்கள்.